மருந்து ஆய்வுகளில் எல்லா வகை மக்களையும் சேர்க்க என்ன செய்யலாம்?

"கிராமத்து மக்கள் மருந்து ஆய்வுகளில் சேராததற்கு விழிப்புணர்வு இல்லாததுதானே காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தவள் நான். என் அனுபவத்தில் விழிப்புணர்வெல்லாம் அப்புறம்தான். முதலில் ஆளைத் தடுப்பது, எந்தத் தேதியில் வர வேண்டும் என்கிற அட்டவணை.

மாதம் ஒருமுறை வர வேண்டும், மூன்று நாள் முன்னே பின்னே ஆகலாம், அதைத் தாண்டினால் விதிமீறல் என்று பதிவாகும். மாதச் சம்பளக்காரருக்கு இது சரி. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர் கரைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியும் முன்பே தோட்டத்தில் நிற்பார், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அவரைக் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு நாகர்கோவிலுக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போச்சு. முந்திரி ஆலைப் பெண்களுக்கும் இதே கதைதான்.

தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி கையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "மக்களே, ரெத்தம் எடுக்கது எவ்வளவும் எடு. பன்னெண்டு மணி பஸ்ஸ விட்டா பின்ன நாலு மணிக்குத்தான்." அவருக்கு மருந்தின் மேல் பயமே இல்லை!

அதனால், பக்கத்து ஊர் ஆய்வகத்திலேயே ரத்தம் எடுக்கலாம். இடையில் வரும் சில சந்திப்புகளைப் போனில் முடிக்கலாம். பால்வெட்டு நடக்காத மழை நாளாகப் பார்த்து வரச் சொல்லலாம். மருந்தின் பாதுகாப்பு இடம்கொடுத்தால் அந்த மூன்று நாளைப் பத்து நாளாக்கலாம். ஆனால் இதையெல்லாம் ஆய்வுத் திட்டம் எழுதும்போதே செய்ய வேண்டும், என்னைப் போன்ற ஒருங்கிணைப்பாளர் நடுவில் மாற்ற முடியாது. பயணச் செலவும் இழந்த கூலியும் கொடுப்பதில் தவறில்லை. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் தரலாம் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலே சொல்கிறது.

சேர்ப்பதற்கான தகுதிகளிலும் கை வைக்க வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் வரம்பைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே பாதிப் பெண்கள் வெளியே. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தே இருக்கும் எழுபது வயதுக்காரரையும் இப்படித்தான் கழிக்கிறார்கள். நாளைக்கு அந்த மாத்திரையை விழுங்கப்போவது யார், அவர்தானே?

இது வெறும் நியாயப் பிரச்சினை இல்லை. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் 1992-ல் அனுமதி கிடைத்தது. பெண்கள் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுவதால், அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்க அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது 2013-ல்தான்! ரோசுவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையையும் ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறது அங்குள்ள மருந்துக் குறிப்பு. நம் ரத்தத்தில் அதன் அளவு கிட்டத்தட்ட இரு மடங்கு ஏறுகிறது.

அதற்காக மலை மேல் ஜீப்பை ஏற்றி, காணிப் பழங்குடி மக்களிடம் கைநாட்டு வாங்கி வருவதை நான் ஆதரிக்கவில்லை. 2009-10-ல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில், விடுதிப் பிள்ளைகளுக்காக வார்டன்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. படிக்கத் தெரியாதவரைச் சேர்க்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு என்கிறது மருந்து ஆய்வுகளுக்கான மத்திய அரசின் 2019 விதி. இதைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

உங்கள் ஊர்ப் பக்கம் எந்த ஆய்வு நடக்கிறது என்று பார்க்க சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. 2009 ஜூனிலிருந்து அதில் பதிவு கட்டாயம். எந்த மருத்துவமனை, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் எல்லாம் அதிலேயே இருக்கும்.