ஸ்பிரிங் ஸ்டீல் என்று வாங்கினேன், வளைந்தது நிமிரவில்லை!

கேள்வி: என் மாடல் கிளைடரில் இரண்டு இறக்கைகளையும் இணைக்க, ‘1095 ஸ்பிரிங் ஸ்டீல்’ என்று இணையத்தில் போட்டிருந்த 6 மி.மீ. ராடு வாங்கினேன். முதல் தடவை வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) இழுத்து ஏற்றியபோதே நடுவில் வளைந்துவிட்டது. வளைந்தது வளைந்தபடியே நிற்கிறது. போலிச் சரக்கா?

பதில்: போலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1095 என்ற எண் எஃகின் சேர்மானத்தை மட்டும்தான் சொல்கிறது, சுமார் 0.95 சதவீதம் கார்பன் உள்ள எஃகு, அவ்வளவுதான். அது பதம் ஏற்றியதா, அதாவது காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்கியதா இல்லையா என்பது அந்த எண்ணில் இல்லை. கத்தி செய்பவர்களும் இதே எஃகைத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு அறுக்கவும் துளை போடவும் சுலபமாக இருக்க வேண்டும் என்பதால், பதம் ஏற்றாமல் மென்மையாகவே விற்பார்கள். ‘அனீல்’ செய்தது என்பார்கள். உங்கள் கைக்கு வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். ‘சில்வர் ஸ்டீல்’ ராடும் இப்படித்தான்: பளபளப்பாக, விட்டம் துல்லியமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் மென்மையான நிலையில்தான் விற்பனைக்கு வரும்.

பதம் ஏற்றினால் கம்பி குறைவாக வளையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிரந்தரமாக வளையாத வரை, பதம் ஏறிய எஃகும் ஏறாத எஃகும் ஒரே பாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். பாரம் கூடும்போது, அதை எடுத்ததும் திரும்பி வருகிறதா என்பதில்தான் வித்தியாசம். சாதாரண மென் எஃகு 250 மெகாபாஸ்கல் (எஃகு தாங்கும் விசையை அளக்கும் அலகு) வாக்கிலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். 1 மி.மீ. பியானோ ஒயரோ (பியானோ தந்திக்கான வலுவான எஃகுக் கம்பி) 2,000 மெகாபாஸ்கலைத் தாண்டியும் அறாமல் தாங்கும்.

சரி, தடிமனை ஏற்றிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். 20 செ.மீ. நீளமுள்ள 6 மி.மீ. ராடு 44 கிராம் இருக்கும். அதையே 8 மி.மீ. ஆக்கினால் 79 கிராம். விறைப்பு மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேலே போகும். தாங்கும் பலம் இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எடை கூடியும், பதம் ஏறிய 6 மி.மீ. ராடின் பலத்தை இந்த மென்மையான 8 மி.மீ. ராடு எட்டும் என்று சொல்ல முடியாது. ஃபியூசலாஜில் (விமானத்தின் உடல் பகுதி) துளையைப் பெரிதாக்கும் வேலை வேறு. நான் அந்த வழிக்குப் போகமாட்டேன்.

பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்பது விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. ‘பதம் ஏற்றியது’, ‘டெம்பர்டு’ என்று இருந்தால், சொன்ன சரக்கு வரவில்லை என்று தாராளமாகக் கேளுங்கள். அந்தப் பக்கத்தையும் வளைந்த ராடையும் படமெடுத்து வையுங்கள். ராடை நிமிர்த்தவோ அறுக்கவோ வேண்டாம். வெறும் எண் மட்டும் இருந்திருந்தால் உங்கள் பக்கம் வலுவில்லை. அடுத்த தடவை பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: பதம் ஏற்றியதா, ராக்வெல் சி அளவில் கடினம் எவ்வளவு, நேரான துண்டா அல்லது சுருளிலிருந்து வெட்டியதா. பதம் ஏற்றிய பட்டை என்றால் கடினம் 45-லிருந்து 50-க்குள் என்று பதில் வர வேண்டும். சுருளில் வந்த தடிக் கம்பியை வீட்டில் நேராக்குவது பெரும்பாடு, அதனால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

சரக்கு வந்ததும் வெட்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். காந்தம் உதவாது, மென் எஃகும் ஒட்டும். 2 மி.மீ. கம்பியென்றால், சுமார் 40 செ.மீ. அகலமுள்ள உருண்டையான பொருள்மேல் சுற்றிவர வளைத்து விடுங்கள். நல்ல பியானோ ஒயர் துள்ளி நேராகிவிடும், மென்மையானது வளைவோடு நிற்கும். தடித்த ராடுக்கு அரம் போதும். முதலில் ஒரு சாதாரண ஆணியில் தேயுங்கள், அப்புறம் ராடின் முனையில். ஆணியில் அரம் கடித்துக்கொண்டு தூள் கொட்டும். பதம் ஏறிய எஃகில் வழுக்கிப் போகும், அழுத்தித் தேய்த்தாலும் தூள் கொஞ்சமாகத்தான் வரும்.

கேள்வி: டோ ஹூக் (இழுவைக் கயிறு மாட்டும் கொக்கி) செய்ய 2 மி.மீ. பியானோ ஒயரை வளைத்தால் முடக்கிலேயே ஒடிகிறது. சிவக்கக் காய்ச்சி வளைக்கலாமா?

பதில்: காய்ச்ச வேண்டாம். பியானோ ஒயரின் பலம் அச்சில் இழுத்து இழுத்து மெலிதாக்கியதால் வந்தது. ஒரு தடவை சிவந்துவிட்டால் அந்தப் பலம் போய்விடும். எண்ணெயில் தோய்த்தாலும் பழைய நிலைக்கு வராது, கண்ணாடி மாதிரி நொறுங்கத்தான் ஆரம்பிக்கும். அந்த நொறுங்கும் தன்மையைக் குறைக்க மறுபடி அளவாகச் சூடு காட்ட வேண்டும். ஒரு கொக்கிக்காக இவ்வளவு தேவையில்லை.

ஒடிவதற்குக் காரணம் அநேகமாக உங்கள் குறடுதான். அதன் பல் கம்பியில் ஒரு கீறல் போடுகிறது, விரிசல் அங்கிருந்து கிளம்புகிறது. கூர்மையான விளிம்புள்ள வைஸிலும் இதே கதைதான். 4 மி.மீ. விட்டமுள்ள ஓர் ஆணியையோ போல்ட்டின் மழமழப்பான பகுதியையோ வைஸில் நிறுத்தி, கம்பியை அதைச் சுற்றி ஒரே சீராக வளையுங்கள். கை எடுத்ததும் கம்பி கொஞ்சம் பின்வாங்கும், அதனால் 90 டிகிரி வேண்டுமென்றால் அதைத் தாண்டி வளைத்து விட வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்று ஒரு வீண் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு தவறிவிட்டால் அதே இடத்தில் நிமிர்த்தி மறுபடி வளைக்காமல் புதுத் துண்டு எடுங்கள்.

வெட்டுவதற்குச் சாதாரண கட்டிங் பிளேயர் வேண்டாம், வாய் பிளந்துவிடும். மோட்டாரில் சுழலும் அறுக்கும் தட்டு நல்லது. அது இல்லையென்றால் அரத்தால் சுற்றிலும் கோடு போட்டு ஒடியுங்கள். எப்படி வெட்டினாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

பற்றவைக்க வேண்டுமென்றால், 200 டிகிரியை ஒட்டி உருகும் சாதாரண ஈயப் பற்று போதும். மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டுப் பற்றவையுங்கள். வெள்ளிப் பற்றுக்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதில் ஸ்பிரிங் செத்துப்போகும்.

கேள்வி: சின்ன ஸ்பிரிங்குகளுக்காக முழு நீளக் கம்பி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கிட்டாரின் சுற்றில்லாத எஃகுத் தந்தி பியானோ ஒயரேதான். உறையில் 010 என்றிருந்தால் 0.010 அங்குலம், அதாவது 0.254 மி.மீ. பட்டையாக வேண்டுமென்றால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு தகட்டிலும் தடிமன் பொறித்திருக்கும், பதமும் ஏறியிருக்கும். சரக்குப் பெட்டிகளைச் சுற்றிக் கட்டி வரும் எஃகுப் பட்டையை நம்பாதீர்கள், அது வளைந்தால் வளைந்ததுதான்.

கேள்வி: பழைய பியானோ ஒயரில் துரு. வினிகரில் ஊறப்போடலாமா?

பதில்: கூடாது. அமிலம் துருவைத் தின்னும்போது வெளிவரும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். கம்பி பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், பாரம் ஏறும்போது முன்னறிவிப்பில்லாமல் ஒடியலாம். எண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேயுங்கள். தேய்த்த பிறகும் குழி தெரிந்தால், அந்தக் கம்பியை இறக்கைக்கோ கொக்கிக்கோ பயன்படுத்தாதீர்கள்.