பேரன் கல்யாணம் வரை பாட்டில் தாங்குமா?

கேள்வி: பிரான்ஸில் நர்போன் பக்கம் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தார். ‘கொர்பியேர்’ என்று போட்டிருக்கிறது. விலை 6 யூரோதானாம், ஏதோ கூட்டுறவுச் சங்கத்துச் சரக்காம். மட்டமானதா? 2022ஆம் ஆண்டு ஒயின், பேரனும் அந்த வருஷம்தான் பிறந்தான். அவன் கல்யாணத்துக்கு எடுத்து வைக்கலாமா?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: மாப்பிள்ளையைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள் ஐயா. விவரம் தெரிந்தவர்தான் வாங்கியிருக்கிறார். கொர்பியேர் என்பது நர்போனை ஒட்டிய ஒயின் பகுதியின் பெயர்.

தென் பிரான்ஸ் கிராமங்களில் கொஞ்சமாகத் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் நிறைய. பழம் இருக்கும், பிழியும் இயந்திரமும் பெரிய தொட்டிகளும் இருக்காது. செப்டம்பரில் டிராக்டரில் பழத்தை ஏற்றிக்கொண்டு சங்கத்துக்கு வருவார்கள். எடை போட்டு, சர்க்கரை அளவு பார்த்து, பொதுத் தொட்டியில் கொட்டுவார்கள். நம் ஊரில் விடியற்காலை கேனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால் அளக்கிறோமே, அதே கதைதான். பெசியே பக்கத்தில் மரோசான் என்ற ஊரில் 1901இலேயே இப்படி ஒன்று தொடங்கினார்கள். 1907இல் ஒயின் விலை படுத்து, விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடியபின் ஊருக்கு ஊர் சங்கங்கள் பெருகின.

சங்கத்து ஒயினுக்கு ஒரு காலத்தில் நல்ல பேர் கிடையாது என்பதும் உண்மை. எடைக்குத்தான் பணம் என்றால் யார் தரம் பார்ப்பார்கள்? இன்று நல்ல சங்கங்கள் எந்தத் தோட்டத்துப் பழம் என்று பார்த்து விலை போடுகின்றன. அரண்மனை படம் போட்ட லேபிளுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பாதி அந்த அரண்மனைக்கே போய்விடும். சங்கத்து பாட்டிலில் அந்தச் செலவு இல்லை.

உங்கள் பாட்டிலில் பெரும்பாலும் கரிஞான், கிரெனாஷ், சிரா என்ற திராட்சைகள் கலந்திருக்கும். கரிஞான் கொஞ்சம் முரட்டுப் பழம், துவர்க்கும். அதைக் குலையோடு நசுக்காமல் தொட்டியில் போட்டு, கரியமில வாயு நிரப்பி மூடிவிடுவது அங்கே ஒரு வழக்கம். பழத்துக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். நிறமும் மணமும் சாற்றில் இறங்கும், துவர்ப்பு அடங்கிவிடும்.

கல்யாணம் வரையா? வேண்டவே வேண்டாம். இந்த ஒயின் சில வருஷத்துக்குள் குடிக்கச் செய்தது. அதிலும் நம் வெயிலில்! நான் புதுச்சேரியில் ஓட்டல் பரிமாறலில் முப்பது வருஷம் இருந்தவன். அப்படியும் ஒரு பாட்டிலைப் பரணில் வைத்து மறந்து, மே மாதம் எடுத்தபோது கார்க் அரை விரல் மேலே எழும்பி, கழுத்தெல்லாம் பிசுபிசுவென்று ஒழுகியிருந்தது. ஊற்றிப் பார்த்தால் கொதிக்க வைத்த நாவல்பழச் சாறு மாதிரி. என் பெரியப்பா, பழைய சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்), இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பார். அவர் ஒயின் வந்த வாரமே டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குடித்து முடித்துவிடுவார்.

குடிப்பதற்கு அரை மணி முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்று பிரெஞ்சுக்காரர் சொன்னது அவர் வீட்டு அறையை. 17, 18 டிகிரி இருக்கும். மஞ்சக்குப்பத்து அறையை அல்ல.

கேள்வி: சிவப்பு ஒயினுக்குத் தொட்டுக்கொள்ள வஞ்சிரம் வறுவல் சரியா?
(வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: வாயில் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கும் அம்மா. சிவப்பு ஒயினும் மீன் எண்ணெயும் சேராது. ஆட்டுக்கறியை மிளகு போட்டுச் செய்யுங்கள். காய்ந்த மிளகாயை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், ஒயின் அந்தக் காரத்தை இரட்டிப்பாக்கிவிடும்.

கேள்வி: பாரிஸிலிருந்து வரும் அண்ணன் எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?
(வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். ஒரு பாட்டில் 750 மில்லி. மூன்றாவது வைத்தால் கால் லிட்டர் கூடிவிடும், சுங்கத்தில் மடக்குவார்கள். அண்ணியும் கூட வருகிறார் என்றால் நான்கு சொல்லுங்கள். சட்டைத் துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.