அம்மாவின் பொருத்தனை எனக்கு அழைப்பாகுமா?

கேள்வி: வயது 33. மின்வாரியத்தில் வேலை. சின்ன வயதில் டைபாய்டு வந்தபோது, “பிழைத்தால் இவன் ஊழியத்துக்கு” என்று அம்மா பொருத்தனை பண்ணினார்களாம். போன வருடம் கன்வென்ஷன் கூட்டத்தில் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்க அழைத்தபோது நானும் எழுந்து நின்றேன். மனைவிக்குச் சம்மதமில்லை. இது தேவ அழைப்புதானா? வயது கடந்துவிட்டதா, ஐயா?
— தூத்துக்குடி மாவட்ட வாசகர்

பதில்: வயது கிடக்கட்டும் தம்பி. நம் வெள்ளாளன்விளை அசரியா அதுவரை ஒய்.எம்.சி.ஏ. செயலாளர், 1909-ல் குருப்பட்டம் பெறும்போது 35-ஐ நெருங்கியிருந்தார். 1912-ல் பேராயர். உங்கள் திருமண்டலத்தின் (பேராயரின் ஆளுகைப் பகுதி) வயது வரம்பை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தனை அம்மா பண்ணியது. வேதாகமத்தில் சாமுவேலின் தாய் அன்னாளும் பண்ணினாள், ஆனாலும் கர்த்தர் சாமுவேலைத் தனியாகப் பேர்சொல்லிக் கூப்பிட்டார். பையனுக்கோ அது யார் குரல் என்றே தெரியவில்லை, மூன்று தரமும் ஆசாரியர் ஏலியிடம் ஓடினான். கண் மங்கிப்போன அந்தக் கிழவருக்குத்தான் விளங்கியது. கன்வென்ஷன் பந்தலில் எழுந்து நின்றதை நான் குறைசொல்லவில்லை (நானும் நின்றவன்தான்). ஆனால் உங்கள் ஏலி யார்?

குருவானவராக ஆள் எடுக்கும் தேர்வுக்குழு முன்னால் நான் போய் உட்கார்ந்தபோது, நீளமான சாட்சி ஒன்றை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஒரு வயதான குருவானவர் குறுக்கிட்டு, “உன் ஊரில் ஒரு சாவு விழுந்தால் உன்னைத் தேடி யாராவது ஆள் அனுப்புவார்களா?” என்றார். ஒருவருமில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இரண்டு நாள் சாப்பிடவில்லை, அவ்வளவு ரோஷம். பிறகு ஒரு வருடம் சபை ஊழியரின் சைக்கிளுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தேன். பிரசங்கம் பண்ண விடவே மாட்டார். படுக்கையில் கிடப்பவர் வீட்டில் ஜெபம், துஷ்டி வீட்டில் ராத்திரி முழுக்க உட்காருவது, சபை விருந்தான அசனத்துக்குக் காய் நறுக்குவது, இவ்வளவுதான். ஒருநாள் நடுச்சாமத்தில் ஒரு பையன் வந்து கதவைத் தட்டி, “ஆச்சிக்கு முடியல, உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாவ” என்றான். அடுத்த முறை தேர்வுக்குழுவிடம் நான் சொன்னது அதை மட்டுந்தான்.

குருப்பட்ட ஆராதனையில்கூட பேராயர், இவர்கள் தகுதியானவர்கள் என்று நம்புகிறீர்களா என்று சபையாரிடம் கேட்பார். அந்தச் சபையில் முதல் ஆள் உங்கள் மனைவி. இறையியல் கல்லூரியில் பி.டி. படிக்கும் வருடங்களில் சம்பளம் இருக்காது. அப்புறம் மாறுதலுக்கு மாறுதல் குருமனை, பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதை விசுவாசக்குறைவு என்று சொல்லிவிடாதீர்கள்.

ராஜினாமா எழுத வேண்டாம். ஆறு மாதம் சாயங்காலங்களில் உங்கள் சேகர குருவானவரோடு வீடு வீடாகப் போங்கள், சில நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு. பிறகு எழுதுங்கள், மனைவியையும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.