எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும்: உங்கள் குழப்பத்திற்குப் பதில்

உளவியல் தேர்வில் எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதிவிட்டதாகச் சொல்கிறீர்கள். எதிர்மறை வலுவூட்டல் தண்டனை அல்ல. உங்கள் விடையில் மதிப்பெண் போனது இந்த ஓரிடத்தில்தான். வலுவூட்டல் எந்த வகையானாலும் நடத்தையைக் கூட்டும், தண்டனை குறைக்கும். 'எதிர்மறை' என்றால் கெட்டது என்று பொருளில்லை, ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது என்பதே பொருள். மாத்திரை போட்டதும் தலைவலி விலகுகிறது. அடுத்த முறை வலித்தாலும் மாத்திரையைத் தேடுகிறோம். அதுதான் எதிர்மறை வலுவூட்டல்.

சாட்ஜிபிடி விளக்கியபோது எல்லாம் புரிந்தது, தேர்வறையில் குழம்பிவிட்டது என்கிறீர்கள். விளக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்தது காரணமாக இருக்கலாம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்! பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது. மறுபடி வாசித்தவர்களுக்கு 42.

இன்றிரவே இதைச் செய்து பாருங்கள்.

1. "அன்றாடச் சூழல்கள் ஐந்து கொடு, எது எந்த வகை வலுவூட்டல் அல்லது தண்டனை என்று சொல்லாதே" என்று சாட்ஜிபிடியிடம் கேளுங்கள்.
2. ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் எழுதுங்கள்: நடத்தை கூடியதா, குறைந்ததா? ஏதாவது சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா?
3. ஐந்தையும் எழுதி முடித்த பிறகே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அதன் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். "இல்லை, இது தண்டனைதானே" என்று அழுத்திச் சொன்னால், சரியான விடையைக்கூட அது மாற்றிக்கொள்ளக்கூடும். இல்லாத ஆய்வுக் கட்டுரைகளையும் சில நேரம் இட்டுக்கட்டும். ஐயம் வந்தால் பாடநூலைத் திறந்து பாருங்கள்.