படையில் பணியாற்றிய அதிபர்கள்தாம் முன்னாள் வீரர்களை நன்கு நடத்துவார்களா?

அப்படி உறுதியாகக் கூற முடியாது என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது. கடற்படைத் துறையில் குடிமை நிர்வாகியாக இருந்தாரேயன்றிச் சீருடை அணியாத அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், முதல் உலகப்போர் வீரர்களுக்கு 1945இல் தருவதாக இருந்த ஊக்கத்தொகையை முன்கூட்டியே வழங்கும் மசோதாக்களை 1935இலும் 1936இலும் நிராகரித்தார். இரண்டாம் முறை நாடாளுமன்றம் அவரை மீறி அதை நிறைவேற்றியது. அதே ரூஸ்வெல்ட்தான், முன்னாள் வீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜியன் விடாது வலியுறுத்தியதையடுத்து, கல்விக் கட்டணமும் வீட்டுக்கடன் உத்தரவாதமும் வேலையற்ற காலத்திற்கான உதவித்தொகையும் அளித்த 1944ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆகவே, தலைவரின் பணிப்பதிவேட்டைவிட வீரர்களின் அமைப்புபலமே அதிகம் சாதித்தது என்பது என் கருத்து. ஆயினும், தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் பலருக்கு உள்ளூர் வங்கிகளும் அலுவலர்களும் அச்சட்டத்தின் பயன்களை மறுத்தது பெருங்கொடுமை. முதல் உலகப்போரில் பீரங்கிப்படைக் கேப்டனாக இருந்தவரும் ரூஸ்வெல்ட்டுக்குப் பின் அதிபரானவருமான ஹாரி ட்ரூமன், 1946இல் சீருடையிலிருந்த கறுப்பின வீரர் ஒருவர் காவலர்களால் தாக்கப்பட்டுப் பார்வையிழந்ததை அறிந்து கலங்கினார். 1948இல் படைகளில் இனப்பாகுபாட்டை நீக்க ஆணையிட்டார்.