பழைய செயின் டிராக்டருக்குக் கார் டீசல் என்ஜின்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களிடம் 1950களில் வந்த கேட்டர்பில்லர் டி2 செயின் டிராக்டர் ஒன்று இருக்கிறது. என்ஜின் பிளாக்கில் நீளவாக்கில் விரிசல் விழுந்து, தண்ணீர் ஆயிலோடு கலந்துவிடுகிறது. இரண்டு முறை ஒட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. கியர்பாக்ஸ், ஸ்டியரிங் கிளட்ச், செயின், ரோலர் எல்லாம் நல்ல நிலையில் உள்ளன. விபத்தில் சிக்கிய காரிலிருந்து கழற்றிய ஃபோக்ஸ்வாகன் 1.6 லிட்டர் டீசல் என்ஜின் ஒன்று கையில் இருக்கிறது. அது 54 குதிரைத்திறன் என்கிறார்கள். டிராக்டரின் பழைய என்ஜினோ நாற்பதைத் தொடாது. அப்படியானால் இதை நேராக மாட்டினால் டிராக்டர் முன்பைவிட வலுவாக இழுக்க வேண்டுமல்லவா?

பதில்: இழுக்காது. நீங்கள் சொல்லும் 54 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 4800 சுற்றில் கிடைப்பது. உங்கள் டிராக்டரின் பழைய என்ஜின் தன் வேலையை 1500 சுற்றை ஒட்டிய வேகத்தில் செய்துகொண்டிருந்தது. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையும் சுழற்சி வேகமும் சேர்ந்து தரும் எண் என்பதால், வேகத்தைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு என்ஜின்களை ஒப்பிட முடியாது. முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரிலும் வேகத்தை நிமிடச் சுற்றிலும் எடுத்துப் பெருக்கி, 9549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். கார் என்ஜினின் உச்ச முறுக்குவிசை சுமார் 100 நியூட்டன் மீட்டர். அதை 1500 சுற்றில் ஓட்டினால் கிடைப்பது 15.7 கிலோவாட், அதாவது இருபது குதிரைத்திறனை ஒட்டித்தான். 4 அங்குல போர், 5 அங்குல ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர் என்று 4.1 லிட்டர் கொள்ளளவுடன் இருந்த பழைய என்ஜின், அதே வேகத்தில் 35 குதிரைத்திறன் கொடுத்ததாக வைத்துக்கொண்டால்கூட, அதன் முறுக்குவிசை 165 நியூட்டன் மீட்டருக்குக் குறையாது. மேலும் மண்ணில் சுமை ஏறி வேகம் குறையும்போது அந்த விசை இன்னும் சற்றுக் கூடும். உழவர்கள் ‘பிடித்து இழுக்கிறது’ என்று சொல்வது இந்தக் குணத்தைத்தான்.

சரி, கார் என்ஜினையே 3000 சுற்றில் ஓட்டினால் என்ன என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். நேராக இணைத்தால், முதல் கியரில் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாக ஊர்ந்த டிராக்டர் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடப் பார்க்கும். இழுக்கும் விசையோ பாதிக்குப் போய்விடும். மெதுவான வேகத்துக்கென்று வடிவமைத்த பேரிங்குகளும் பல்சக்கரங்களும் இரு மடங்கு வேகத்தில் ஆயிலைக் கடைந்து சூடேறும். ஆகவே என்ஜினுக்கும் டிராக்டர் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். அப்போது 3000 சுற்று 1500 ஆகும். 100 நியூட்டன் மீட்டர், உராய்வுக்குப் போனதுபோக, 190 ஆகும். 1.6 லிட்டர் என்ஜின் அந்த நிலையில் பழைய என்ஜினுக்கு ஈடாக வேலை செய்யும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. பழைய என்ஜினின் கனத்த ஃப்ளைவீல் போய்விடுகிறதே, கார் ஃப்ளைவீல் இவ்வளவு இலேசாக இருக்கிறதே என்று கவலைப்படுவார்கள். சுழலும் பொருளில் தேங்கும் ஆற்றல் வேகத்தின் இருமடியாக வளர்வதால், இரண்டுக்கு ஒன்று குறைத்த பின் கார் ஃப்ளைவீல் டிராக்டரின் பக்கத்தில் நான்கு மடங்கு கனமானது போலவே நடந்துகொள்ளும். நேராக இணைத்திருந்தால், முன்னால் மண் தள்ளும் பிளேடு கல்லில் இடித்த நொடியில் அணைந்துவிடக்கூடிய என்ஜின், குறைப்பு இருந்தால் ஒரு திணறல் திணறி மீண்டும் எழும்.

கேள்வி: அந்தக் குறைப்பை எப்படிச் செய்வது? காரின் கியர்பாக்ஸையே இரண்டாம் கியரில் நிறுத்தி, பின்னால் டிராக்டர் கியர்பாக்ஸை இணைக்கலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். இரண்டு பல்சக்கரங்களை ஒரு பெட்டியில் வைத்துவிட்டால் போதும் என்று இன்னொருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் இரண்டாமவரின் யோசனை. ஒன்றோடொன்று பொருந்திய இரண்டு பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும் என்பதை அவர் மறந்துவிட்டார். அப்படிப் பொருத்தினால் உங்கள் டிராக்டருக்கு ஒரு முன் கியரும் ஐந்து பின் கியர்களும் இருக்கும். இது வேடிக்கைக்குச் சொல்வதன்று. இப்படிப் பொருத்தி முடித்து, முதல் நாள் ஓட்டத்தில் பின்சுவரில் போய் மோதிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் மூன்றாவதாக ஒரு சக்கரம் வைத்தாலோ, ஆயில் நிறைந்த பெட்டிக்குள் இரட்டைச் செயின் போட்டாலோ திசை மாறாது. செயின் முறையில் பற்களின் எண்ணிக்கையை மாற்றி விகிதத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும்.

கியர்பாக்ஸ் யோசனை நல்லது. ஆனால் உங்கள் ஃபோக்ஸ்வாகன் என்ஜினோடு வந்த பெட்டி அதற்கு உதவாது. முன்சக்கரங்களை ஓட்டும் கார்களில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டில் இருப்பதால், சுழற்சி பக்கவாட்டில் வெளிவரும். பின்சக்கரங்களை ஓட்டும் வண்டியின் நீளவாக்கான கியர்பாக்ஸ்தான் தேவை. அதில் இரண்டாம் கியர் பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்பதை ஒட்டியே இருக்கும். முன் கியர்களில் விசை இரண்டு இடங்களில் பல் மாறி வருவதால் திசையும் மாறாது.

அந்தப் பெட்டியை மாட்டிய பிறகு கியர் லீவரை வெட்டி எடுத்துவிடுங்கள். இரண்டாம் கியரிலேயே உள்ளே பூட்டிவிடுங்கள். நடுவழியில் மண் கடினமாக இருக்கிறதே என்று ஓட்டுநர் கார் பெட்டியை முதல் கியருக்குத் தள்ளினால், மூன்றரைக்கு ஒன்று என்ற விகிதத்தில் 350 நியூட்டன் மீட்டர் டிராக்டர் கியர்பாக்ஸுக்குள் போகும். பழைய என்ஜினாக இருந்தால் செயின் ஏதாவது வேரில் சிக்கும்போது அணைந்துவிடும். அதுதான் அந்த வண்டிக்குப் பாதுகாப்பாக இருந்தது. இப்போது என்ஜின் அணையாது, அதற்குப் பதிலாக உள்ளே ஒரு பல் உடையும். அந்தப் பல்லுக்கு மாற்றுச் சக்கரம் தேடுவது என்ஜின் தேடுவதைவிடக் கடினம்.

கார் கிளட்சை விட்டுவிட்டு, டிராக்டரின் பழைய கைக்கிளட்சையே வேலைக்குப் பயன்படுத்துங்கள். மண் தள்ளும் வேலையில் ஒரு மணி நேரத்தில் எத்தனையோ முறை கிளட்சை விட்டுப் பிடிக்க வேண்டியிருக்கும். கார் கிளட்ச் தகடு அந்தச் சூட்டைத் தாங்காது.

என்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் தகட்டைக் கண்ணால் பார்த்து நடுமையம் பிடித்து வெல்டிங் வைக்காதீர்கள். டயல் கேஜைக் கிராங்க் ஷாஃப்டில் பொருத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் முள் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. சரியான இடம் கிடைத்ததும் இரண்டு டவல் பின் அடித்து நிலைநிறுத்திவிட்டுத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். இது சரியில்லையென்றால் முதலில் போவது ஷாஃப்டின் முனையைத் தாங்கும் சிறிய பேரிங். அடுத்து கிளட்ச் தகட்டின் நடுப்பகுதி.

கேள்வி: நான் இப்படி ஒரு மாற்றத்தைச் செய்து முடித்துவிட்டேன். குறைப்பு, இணைப்பு எல்லாம் சரியாக வந்துவிட்டன. ஆனால் வண்டியை ஓட்ட முடியவில்லை. கை ஆக்சிலரேட்டரை ஓர் இடத்தில் வைத்துப் பிளேடை மண்ணில் இறக்கினால் என்ஜின் சாகிறது. பிளேடைத் தூக்கினால் அலறுகிறது. நாள் முழுவதும் லீவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

பதில்: என் பார்வையில் இந்த மாற்றத்தின் முக்கியப் பிரச்சினையே இதுதான். தகடும் செயினும் பட்டறை வேலை. என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டியே நினைப்பதில்லை.

டிராக்டர் என்ஜினில் கை லீவர் வேகத்தைக் குறிக்கிறது. 1500 என்று வைத்தால், சுமை வந்தால் டீசலைக் கூட்டியும் சுமை போனால் குறைத்தும் கவர்னர் அந்த வேகத்தைத் தானே காக்கும். பெரும்பாலான கார்களின் டீசல் பம்பில் இருக்கும் கவர்னரோ இரண்டு முனைகளை மட்டும் பார்த்துக்கொள்கிறது: ஐடிலில் அணையாமலும், உச்ச வேகத்தைத் தாண்டாமலும். நடுவில் இருக்கும் முழு வீச்சிலும் மிதிகட்டை குறிப்பது வேகத்தையன்று, டீசல் அளவை. சாலையில் ஓட்டுநரின் கால்தான் அங்கே கவர்னர்; செயின் டிராக்டரில் அந்தக் கால் இல்லை.

உங்கள் பம்ப் எந்த வகை என்று அறிய ஒரு சோதனை போதும். சுமையில்லாமல் லீவரை உச்ச வேகத்தில் பாதிக்கு வைத்துக் கட்டிவிட்டு, ஹைட்ராலிக் பம்பை அழுத்தத்துக்கு ஏற்றி என்ஜினுக்குச் சுமை கொடுங்கள். வேகம் சற்றே இறங்கி, புகை கொஞ்சம் கூடி, அங்கேயே நின்றால் கவர்னர் முழு வீச்சிலும் வேலை செய்கிறது. வேகம் நில்லாமல் சரிந்துகொண்டே போனால் அது இரு முனைக் கவர்னர். போஷ் விஇ வகை பம்புகள் இரண்டு விதக் கவர்னர்களோடும் செய்யப்பட்டவை. ஆகையால் ஜெனரேட்டருக்கோ டிராக்டருக்கோ வந்த பம்பின் உள்பாகங்களை மாற்றிப் பொருத்த ஒரு நல்ல டீசல் பம்ப் மெக்கானிக்கால் முடியும். வீட்டில் திறந்து பார்க்க வேண்டிய பொருள் அன்று அது.

இன்னும் என்ஜின் வாங்காத வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய மெர்சிடிஸ் டீசல் கார்கள் பலவற்றில், காற்று உள்ளே போகும் குழாயில் ஒரு தட்டும், அங்கிருந்து டீசல் பம்பின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாயும் இருக்கும். அது வெற்றிட அழுத்தத்தால் இயங்கும் கவர்னர். எல்லா வேகத்திலும் கட்டுப்படுத்தும் என்பதால் இந்த வேலைக்குப் பொருந்தும். அதன் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பம்பின் பின்னால் இருக்கும் தோல் சவ்வு கிழிந்தாலோ அந்த மெல்லிய குழாய் கழன்றாலோ, உள்ளிருக்கும் ஸ்பிரிங் பம்பை முழு டீசலுக்குத் தள்ளிவிடும். என்ஜின் கட்டுமீறி ஓடும். சாவியைத் திருப்பினால் அணையும் என்று நம்பியிராமல், காற்றுக் குழாயை அடைக்கும் கைத்தட்டு ஒன்றை ஓட்டுநர் எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: கணினி கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் புதிய காமன் ரெயில் என்ஜினைப் போடலாமா?

பதில்: வேண்டாம். கார் முழுவதும் பரவியிருக்கும் சென்சார்கள் இல்லாமல் அதன் கணினி என்ஜினைச் சரியாக இயங்க விடாது. தூசியிலும் அதிர்விலும் கனெக்டர்கள் நாளொரு கோளாறு காட்டும். டீசலை நிறுத்தும் சுருளுக்கு ஒரு வயர், குளோ பிளக்குக்கு ஒன்று, ஸ்டார்ட்டருக்கு ஒன்று என்று முடிந்துவிடும் பழைய என்ஜினே இந்த வண்டிக்குத் தோது.

கேள்வி: குளிரூட்டல், ஆயில், ஏர் ஃபில்டர் போன்றவற்றில் என்னென்ன மாற்ற வேண்டும்?

பதில்: டிராக்டரின் ஏர் ஃபில்டரையே வைத்துக்கொள்ளுங்கள். கார் ஃபில்டரின் காகிதம் வயல் தூசியில் ஒரே நாளில் அடைபட்டுவிடும். டிராக்டரின் பழைய ஆயில் பாத் ஃபில்டர் போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4.1 லிட்டர் என்ஜின் 1500 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 3000 லிட்டர் காற்றை இழுத்தது, 1.6 லிட்டர் என்ஜின் 3000 சுற்றில் இழுப்பது 2400 லிட்டர். தாராளமாகப் போதும்.

ரேடியேட்டருக்கும் டிராக்டருடையதே மேல். மணிக்கு மூன்று கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு எதிர்க்காற்று என்று எதுவும் கிடையாது. முழுக்க விசிறியின் தயவில்தான் அது குளிர வேண்டும். கார் ரேடியேட்டரின் மூடி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கும்படி இருக்கும். அதைப் பழைய ஈயப் பற்றுவைத்த ரேடியேட்டரில் போட்டால் ஒட்டு விட்டுப்போகும். அழுத்தம் குறைந்த மூடியைப் போட்டு, வெப்பமானியில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் விஷயத்தில்தான் எனக்குப் பயம். கார் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப், சமதரையில் ஓடும் வண்டிக்கானது. கார் என்ஜின் பொருத்திய ஒரு செயின் டிராக்டரைச் சரிவில் மேல்நோக்கி நிறுத்தி, ஆயில் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் மூன்று பாரில் நின்றது. அரை நிமிடத்தில் ஒரு துடிப்பு. இரண்டாவது துடிப்பில் சுழியத்தைத் தொட்டு எழுந்தது. ஆயில் எல்லாம் பின்பக்கம் ஓடிவிட, உறிஞ்சுகுழாய் முன்பக்கத்தில் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. என்ஜினிலிருந்து வித்தியாசமான சத்தம் ஒன்றும் வரவில்லை. நான் முள்ளைப் பார்த்திருக்காவிட்டால் அன்று மாலைக்குள் பேரிங் உருகியிருக்கும். சம்பை வெட்டி ஆழப்படுத்தி, இரண்டு மூன்று லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும்படி செய்து, உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து, உறிஞ்சுகுழாயை நடுவே ஆழமான இடத்துக்கு நகர்த்துங்கள். அழுத்தம் குறைந்தால் விளக்கு எரிவது வெயிலில் தெரியாது. ஒலி எழுப்பும் பஸர் வேண்டும்.

பழைய டீசல் தொட்டியின் துரு, டீசலையே மசகாகக் கொண்ட விஇ பம்பைச் சில நாட்களில் தின்றுவிடும். தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றையும், பம்பிலிருந்து திரும்பி வரும் டீசலுக்கு ஒரு வழியையும் வையுங்கள்.

கடைசியாக, டைமிங் பெல்ட். ஃபோக்ஸ்வாகன் 1.6 டீசலில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். கார் கையேடுகள் கிலோமீட்டரில் கணக்குச் சொல்கின்றன. செயின் டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. 60,000 கிலோமீட்டரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 1000 மணி நேரம் வருகிறது. சாலையில் கார் தன் முழுத் திறனில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. இங்கே நாள் முழுவதும் முக்கால் பங்குக்கு மேல் சுமை, கூடவே பெல்ட் மூடிக்குள் புகும் தூசி. ஆகவே 500 மணி நேரத்துக்கு ஒருமுறை பெல்ட்டையும், 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயிலையும் மாற்றிவிடுங்கள். என்ஜினை முதன்முறை இயக்குவதற்கு முன்பே ஒரு ஹவர் மீட்டரைப் பொருத்திவிடுவது நல்லது. பிறகு பொருத்தினால் அதுவரை ஓடிய மணி நேரம் யாருக்கும் நினைவிருக்காது.