நிலாவில் ஓடும் புள்ளி

அன்புள்ள ஐயா,

பாம்பன் பாலத்து ஓரமாக நின்று நிலா எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிளஸ் டூ படிக்கும் என் மகள் கேட்டாள்: "இங்கே ஒரு விளக்கு, ஐந்து விநாடிக்கு ஒரு சுற்று சுற்றுதுன்னு வச்சுக்குவோம். அது நிலாவில விழுந்தா, அந்த வெளிச்சப் புள்ளி ஒளியைவிட வேகமா ஓடுமேப்பா? அப்ப ஐன்ஸ்டைன் சொன்னது தப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

மகளின் கணக்கு சரி. நிலா சுமார் 3,84,000 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் வட்டம் போட்டால் சுற்றளவு 24 லட்சம் கி.மீ. விநாடிக்கு 4.8 லட்சம். ஒளியோ 3 லட்சம்தான். புள்ளி ஜெயித்துவிட்டது. ஆனால் ஐன்ஸ்டைன் தோற்கவில்லை.

"ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது" என்று பாடம் நடத்திவிட்டுப் போய்விடுகிறோம் (நானும் அப்படி நடத்தியவன்தான்). அந்த 'எதுவும்' என்பதில்தான் வில்லங்கம். 1905-ல் ஐன்ஸ்டைன் தந்த சிறப்புச் சார்பியல் கோட்பாடு தடுப்பது பொருளையும் சேதியையும். புள்ளி இரண்டிலும் சேராது.

மீன் இறக்கும் தளத்தை ஓஸ் பைப்பால் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். பைப்பை வெடுக்கென்று திருப்பினால் தண்ணீர் வளைந்து பறக்கும். எதிர்ச் சுவரில் ஈரம் சரசரவென்று ஓடும். ஆனால் எந்தத் துளியும் சுவரோரமாக ஓடவில்லை. ஒவ்வொன்றும் பைப்பிலிருந்து கிளம்பித் தன் இடத்தில் போய் விழுகிறது, அவ்வளவுதான். ஒளியும் அப்படியே. இங்கிருந்து நிலாவுக்கு 1.28 விநாடி. கிளம்பிய ஒளி அங்கே சேரும்போது, இங்கே விளக்கு கால் சுற்றுத் திரும்பி ஆண்கடல் (தெற்கே மன்னார் வளைகுடா) பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி, சேதி? நிலாவின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொருவரை நிறுத்துங்கள். புள்ளி முதல் ஆளைக் கடந்து 0.007 விநாடியில் அடுத்தவரைத் தொடும்; ஒளிக்கு அந்தத் தூரம் 0.012 விநாடி. முதல் ஆள் புள்ளியிடம் ஏதாவது சொல்லி அனுப்ப முடியுமா? கையை நீட்டி மறைத்தால் அவருக்கு வந்த ஒளிதான் மறையும். அடுத்தவருக்கான ஒளி ஏற்கெனவே பாம்பனிலிருந்து கிளம்பி, கிட்டத்தட்ட முழு வழியும் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. சேதி சொல்லக்கூடியவர் விளக்கருகில் நிற்கும் உங்கள் மகள் மட்டுமே. அவள் விளக்கை மூடினால் அங்கே தெரிய அதே 1.28 விநாடி.

அப்புறம், அவளிடம் இதையும் சொல்லுங்கள்: புள்ளி அவ்வளவு சின்னதாக விழாது. 1969-ல் அப்பல்லோ 11 வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பானுக்கு லேசர் அடிக்கிறார்களே, அதுவே அங்கே போய்ச் சேரும்போது ஏறக்குறைய நம் பாம்பன் பாலத்தின் நீளத்துக்குப் பரந்துவிடுகிறது.